ஃபார்மேட் நக்கோ

குகட்பள்ளி வீட்டு வசதிக் குடியிருப்பில் நாங்கள் இரண்டாவது மாடியில் இருந்தோம். நாங்கள் என்று சொன்னாலும் அப்போது வீட்டில் நான் மட்டும்தான். என் கணவரை அவருடைய மென்பொருள் நிறுவனம் அமெரிக்காவுக்கு அனுப்பியிருந்தது. போவதற்கு முன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, முன்னறையில் மேசை போட்டு வைத்துவிட்டுப் போனார். வரலாறு படித்த எனக்கு அதில் ஒரே ஒரு வேலைதான் நன்றாக வந்தது, தமிழ் தட்டச்சு. திருநெல்வேலியில் கல்லூரி விடுமுறைகளில் பழகியது.

அதை எப்படியோ தெரிந்துகொண்டு, நகரத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்திய ஒரு சங்கத்தின் செயலாளர் பொங்கல் மலரை என்னிடம் ஒப்படைத்தார். கட்டுரை, கவிதை, சமையல் குறிப்பு, பிள்ளைகள் சொன்ன விடுகதை எல்லாம் வந்தன. சிலர் எழுதிக் கொடுத்தார்கள். எழுத வராத சிலர் ஃபோனில் சொன்னார்கள். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு கேட்டபடியே அடித்தேன். அச்சகத்துக்குத் திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். சனிக்கிழமை காலை காப்பி குடித்துவிட்டு வந்து பொத்தானை அழுத்தினேன். கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு வரி வந்து நின்றது. ஆபரேட்டிங் சிஸ்டம் கிடைக்கவில்லை என்று அது சொன்னது. அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதே வரி.

கம்ப்யூட்டர் வாங்கிய கடைக்கு ஃபோன் செய்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அங்கே ஃபோனை எடுத்த பையன், “ஃபார்மேட் செய்யாலி மேடம்,” என்றான். செய்தால் உள்ளே இருப்பது என்ன ஆகும் என்று கேட்டேன். “அன்னி போத்தாயி,” என்றான். எல்லாம் போய்விடும். இரண்டு மாத உழைப்பு அது. நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

கீழ் வீட்டு அக்காவிடம் போய் நின்றேன். பல தலைமுறைகளுக்கு முன்பே நகரத்தின் ராணுவப் பகுதியான திருமுல்கேரிக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பம் அவர்களுடையது; அவர் பேசும் தமிழில் ஊர் உருது கலந்திருக்கும். எலெக்ட்ரானிக்ஸ் படித்து, பாலாநகரில் விமானக் கருவிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் அதிகாரியாக இருந்தார். நான் பேச ஆரம்பிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது.

“கைக்கு அழுற? அழுதா மிஷின் ஸ்டார்ட் ஆவுமா?” என்றார். ‘ஏன்’ என்பதற்கு அவர் ‘கைக்கு’ என்பார். “கடைக்காரன் என்ன சொன்னான்?”

“ஃபார்மேட் பண்ணணுமாம்க்கா.”

“நக்கோ, வேண்டவே வேண்டாம். அதை மட்டும் தொடாத. நான் வரேன்.”

ஒரு ஸ்க்ரூ டிரைவரும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு மேலே வந்தார். வந்ததும் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து என்னைக் கேட்டார். கடைசியாக எப்போது ஒழுங்காக ஓடியது? அணைக்கும்போது ஏதாவது சொன்னதா? மேசையை நகர்த்தினாயா? கரண்ட் போய் வந்ததா? டாக்டர் நோயாளியின் வீட்டாரைக் கேட்பதுபோல நிதானமாகக் கேட்டார். கொஞ்ச நாளாக நடுநடுவே உறைந்துபோய் நின்றது என்று அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது.

“ஹவ், ஆமா! இதைத்தான் நீ முதல்ல சொல்லியிருக்கணும்,” என்று எழுந்தார்.

பொத்தானை அழுத்தி, பெட்டியின் மேல் காதை வைத்தார். என்னையும் கேட்கச் சொன்னார். உள்ளே மெலிதாக ஒரு சுழலும் சத்தம். “டிஸ்க் சுத்துது. தட்டுற சத்தம் இல்லை. நல்லது.” பிறகு ஒரு விசையைத் தட்டி, நான் அதுவரை பார்த்தே இராத ஒரு நீலத் திரையைக் கொண்டுவந்தார். கம்ப்யூட்டர் தன்னோடு இணைந்திருக்கும் உறுப்புகளை அதில் சொல்லுமாம். ஹார்ட் டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

“பார்த்தியா? சிஸ்டம் கெட்டுப்போச்சான்னு அப்புறம் பார்க்கலாம். டிஸ்க் இருக்கிறதே இதுக்குத் தெரியல.”

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே போர்வைபோலத் தூசி. டிஸ்கிலிருந்து போகும் பட்டையான கேபிளைக் கழற்றி, மறுபடி அழுத்திச் செருகினார். மின்சாரம் கொடுத்துப் பார்த்தால் திரையில் மாற்றமில்லை. நானாக இருந்தால் அந்த வேகத்திலேயே எல்லாவற்றையும் பிடுங்கி மாட்டியிருப்பேன். அவர் அப்படிச் செய்யவில்லை. சி.டி. டிரைவின் கேபிளைக் கழற்றி டிஸ்குக்கு மாட்டினார், அது ஒன்றை மட்டும். இரண்டை ஒரே சமயத்தில் மாற்றினால் எது காரணம் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். நீலத் திரையில் டிஸ்கின் பெயர் வந்தது. நான் கைதட்டிவிட்டேன்.

“இரு, இரு,” என்றார்.

அவர் சொன்னது சரிதான். சிஸ்டம் எழுந்தது, படம் வந்தது, உடனே சட்டென்று அணைந்து முதலிலிருந்து தொடங்கியது. இன்னொரு முறையும் அப்படியே. கெட்ட கேபிளோடு பல நாள் ஓடியதில் சிஸ்டத்தின் கோப்புகள் சில சிதைந்திருக்கலாம் என்றார். அதைச் சரிசெய்ய ஒரு சி.டி. இருக்கிறது, ஆனால் அதை இப்போது போடக் கூடாது. டிஸ்கில் புதிதாக எதையும் எழுதுவதற்கு முன் என் கோப்புகளை வெளியே எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி, டிஸ்கைக் கழற்றி ஒரு துண்டில் சுற்றினார். அவர் மாடிப்படி இறங்கியபோது பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதுபோல இருந்தது.

கீழே அவருடைய கம்ப்யூட்டரில் அதை இரண்டாவது டிஸ்காக மாட்டினார். என் கோப்புறை தெரிந்தது. ஒரு கோப்பைத் திறந்தார். தலையில் கொம்பும் சுழியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள், நடுவே டாலர் குறி, தலைகீழ்க் கேள்விக்குறி. பக்கம் பக்கமாக அப்படியே.

“வந்துடுச்சே!” என்றார் அவர் சந்தோஷமாக.

“என்னக்கா வந்துடுச்சு? எல்லாம் நாசமாப் போச்சு. இது தமிழே இல்ல.”

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “தமிழ் இல்லையா? எனக்கு என்ன தெரியும்! வீட்ல பேசுறதுதான் நமக்குத் தமிழ். ஸ்கூல்ல தெலுங்கு, ஹிந்தி, இங்கிலீஷ். எழுத்து சுத்தமா வராது.” அதில் ஒளிவு மறைவே இல்லை. பிறகு முகம் மாறியது. “சரி, இப்போ நீ சொல்லு. உன் மிஷின்ல இருந்தது, இதுல இல்லாதது என்ன?”

காலையிலிருந்து அவர் கேட்ட கேள்விகளின் தொடர்ச்சி அது. அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. “எழுத்துரு! தமிழ் ஃபான்ட் உங்க கம்ப்யூட்டர்ல இல்லக்கா!”

என் டிஸ்கிலேயே அது எங்கோ இருக்க வேண்டும். பெயர் எனக்குத் தெரியும், இருக்கும் இடம் அவருக்குத் தெரியும். தேடி எடுத்துப் போட்டு, கோப்பை மறுபடி திறந்தார். கொம்பும் சுழியும் மறைந்து, அ, ம, கொ, யா என்று வரிசையாக என் தமிழ் வந்து நின்றது. நான் அவரைக் கட்டிக்கொண்டேன். கூச்சப்பட்டு விலகி, “முதல்ல சி.டி.ல ஏத்தலாம். ரெண்டு காப்பி. ஒண்ணு என்கிட்ட இருக்கட்டும்,” என்றார்.

சி.டி. சுழன்றுகொண்டிருந்த நேரத்தில், இதில் என்னதான் எழுதியிருக்கிறது, படி என்றார். திருமுல்கேரியில் ராணுவக் குடியிருப்பில் இருந்த ஒரு பெண்மணி, முதன்முதலில் அந்த ஊருக்கு வந்து இறங்கிய நாளைப் பற்றி ஃபோனில் சொல்லியிருந்தார். அதை வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் ஓர் இடத்தில் கையைத் தூக்கினார்.

“நிறுத்து. பஸ்ஸை விட்டு எறங்கி இடது பக்கம் நடந்தாங்களா? சர்ச்சுக்கா? நக்கோ! இடது பக்கம் போனா பரேட் கிரவுண்டு. அங்க சர்ச் ஏது?”

அந்தப் பெண்மணிக்கு அங்கிருந்தே ஃபோன் செய்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆமா, வலது பக்கம்தான். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று சிரித்தார். கோப்பில் திருத்தினேன்; சி.டி.யையும் மறுபடி ஏற்றினோம். தமிழில் ஓர் எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாத ஒருவர் மலருக்குப் பிழை திருத்திக் கொடுத்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

பிறகு இருவரும் மேலே வந்தோம். டிஸ்கைப் பழைய இடத்தில் வைத்து, அதையும் சி.டி. டிரைவையும் அந்த ஒரே நல்ல கேபிளில் மாட்டி, பழுது பார்க்கும் சி.டி.யைப் போட்டு, சிஸ்டத்தை அழிக்காமல் பழுது மட்டும் பார்க்கும்படி கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுத்தார். அது வேலை செய்து முடிக்கும்வரை பெட்டிக்குள் இருந்த தூசியைப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் எழுந்து, என் கணவர் வைத்துவிட்டுப் போன அருவிப் படம் திரையில் வந்தது. நான் உட்காரப் போனேன். அவர் விடவில்லை. அணைத்து மறுபடி போட்டார். இன்னொரு தடவையும் போட்டுப் பார்த்தார். கெட்டுப்போன கேபிளைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிக் குப்பையில் போட்டார். தெரியாமல் யாரும் எடுத்து வேறெதிலும் மாட்டிவிடக் கூடாது என்பதற்காக.

ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவிலிருந்து பேசிய கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “நான் இருந்தா ஃபார்மேட்தான் பண்ணியிருப்பேன்,” என்றார். திங்கட்கிழமை காலை, சி.டி.யைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அச்சகத்துக்கு ஆட்டோ ஏறினேன்.