வலிப்பு மருந்தும் உப்பில்லாக் கஞ்சியும்

1. ஈரச் சேலையோடு வந்தவள்

தென்காசியில் ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாகச் சேர்ந்த முதல் சீசன் அது. ஐம்பதுகளின் நடுப்பகுதி. குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால் எங்கள் வார்டும் நிரம்பிவிடும். பாறையில் வழுக்கி விழுந்தவர்கள், குளித்த பசியில் மூக்குமுட்டத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள், எல்லோரும் உண்டு. இவர்கள் தவிர இன்னொரு கூட்டமும் வரும். புத்தி பேதலித்தவர்களை அருவியில் நிறுத்தினால் தெளிந்துவிடும் என்று அன்றைக்கு ஒரு நம்பிக்கை. கையைக் காலைப் பிடித்து அந்தப் பாவப்பட்டவர்களை அருவிக்கடியில் நிறுத்திவைப்பார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அன்று காலை வாசலில் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. ஈரச் சேலையோடு ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். அருவியில் நிற்க முடியாமல் மயங்கி விழுந்திருக்கிறாள். கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. கடைவாயில் எச்சில் ஒழுகியது. முகம் முழுக்கப் பெரிய பெரிய பருக்கள்.

பெயர் பேச்சியம்மாள். சிவகிரியில் பிறந்து பாவூர்சத்திரம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் முத்தையாவுக்கு வெங்காய வெள்ளாமை. மாமியார் சண்முகத்தாய் ஈரத் தலையைத் துவட்டக்கூட மறந்து கட்டில் பக்கத்தில் நின்றாள். முத்தையாவின் பெரியப்பா மட்டும் குடையும் கையுமாக வாசலிலேயே நின்றுகொண்டார்.

"சின்ன வயசிலேர்ந்தே இவளுக்குக் காக்கா வலிப்பு உண்டும். அதை மறைச்சுக் கட்டி வச்சுட்டாவ. இப்பம் வலிப்பு நின்னு கிறுக்குப் பிடிச்சிருக்கு. பெத்த பிள்ளையையே யாருன்னு தெரியலை," என்றார் அவர். "ஆடி முடிய அருவியில நிறுத்திப் பாப்போம். தெளியலைன்னா அவ அப்பன் வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டு ஆவணியில இவனுக்கு வேற பொண்ணு பாத்துருவேன்."

"அப்போ பிள்ளை?" என்று கேட்டேன்.

"பிள்ளை எங்க பிள்ளைல்லா," என்றார். அவ்வளவுதான் பேச்சு. முத்தையா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

2. பாட்டில்தான் வந்தது, நோயாளி வரவில்லை

அப்போது எங்கள் பெரிய டாக்டர் காலமாகி, அவர் இடத்துக்குப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். அவர் பேச்சியம்மாளின் முகத்துப் பருக்களைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்ன மருந்து சாப்பிடுறா?"

சண்முகத்தாய் மடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள். எங்கள் ஆஸ்பத்திரிப் பாட்டில். ஒரு வேளைக்கு எவ்வளவு என்று தெரியக் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டியது எங்கள் கம்பவுண்டர் கை வேலை. உள்ளே இருந்தது ப்ரோமைட் கலந்த குடிமருந்து, மிக்ஸர் என்போம். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் வலிப்பு என்றால் முதலில் கொடுப்பது அதைத்தான்.

போன வருஷம் பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து அது. அதற்குப் பிறகு பேச்சியம்மாள் இந்தப் பக்கம் வரவே இல்லை. சந்தையில் வெங்காயம் போட வரும்போது முத்தையா காலிப் பாட்டிலைக் கொண்டுவருவான், கம்பவுண்டர் நிரப்பிக் கொடுப்பார். 'எப்படி இருக்கா?' என்று கேட்டால், 'வலிப்பு வரலை' என்பான். அது உண்மைதான். நாங்களும் சந்தோஷப்பட்டோம். அன்றைக்கு எல்லா ஆஸ்பத்திரியிலும் இதுதான் நடைமுறை.

டாக்டர் அடுத்துக் கேட்டார்: "சாப்பாடு என்ன?"

சண்முகத்தாய் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெம்பு வந்தது. "பத்தியம் ஒரு நாள் தப்பலை டாக்டரையா. பெரிய டாக்டரு உப்பைக் கொறைக்கச் சொன்னாவ. நான் ஒரு கல்லுகூட அவ வாயில படவிடலை. உப்பில்லாக் கஞ்சி, உப்பில்லாத் தொவையல். அவ மட்டும் சப்புன்னு தின்னா பாவமாருக்குன்னு நானும் அதைத்தான் திங்கேன்."

டாக்டர் பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னார். உடம்புக்கு உப்பும் ப்ரோமைடும் ஏறக்குறைய ஒன்றுபோல. உப்புச் சாப்பிட்டால் ப்ரோமைட் கழிந்து வெளியே போகும். உப்பைக் கொஞ்சம் குறைத்தால் மருந்து நன்றாக வேலை செய்யும், அதற்காகப் பெரிய டாக்டர் அப்படிச் சொல்லியிருப்பார். அடியோடு நிறுத்தினால் மருந்து உள்ளேயே தங்கித் தங்கி விஷமாகிவிடும். புத்தி மந்தம், குழறல், தள்ளாட்டம், பரு எல்லாம் அதனால்தான். கிறுக்கும் இல்லை, பேயும் இல்லை.

"இதுக்கு என்ன மருந்து டாக்டர்?"

"உப்புதான்," என்றார்.

3. மோரும் உப்பும்

மிக்ஸரை நிறுத்தினோம். உப்புப் போட்ட மோர், உப்புப் போட்ட கஞ்சி, ஊட்டுவது என் வேலை. பாதி உள்ளே போகும், பாதி என் மேல் வழியும். வலிப்புக்குப் பினோபார்பிடோன் மாத்திரை தொடங்கினார். பெரிய ஊர்களில் அது எப்போதோ வந்துவிட்டது. எங்கள் பக்கம் மிக்ஸரை விட்டுவிட்டு மாத்திரையை நம்ப ஆள் இல்லை.

"இடையில fits வந்தாலும் வரும், சிஸ்டர். பயப்படாதீங்க," என்று சொல்லியிருந்தார் டாக்டர்.

வந்தது. பட்டப்பகலில், பெரியப்பா வந்திருந்த நேரமாகப் பார்த்து வந்தது. அவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி அவள் கையில் திணிக்கப் பாய்ந்தார்.

"சாவி பூட்டுக்கு அண்ணாச்சி, வலிப்புக்கு இல்லை. காத்து வரட்டும், தள்ளுங்க," என்று சொல்லிவிட்டு அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். வலிப்பு தானாக அடங்கியது. அவர் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டே, "இருந்ததும் போச்சு. இங்கன வந்து வலிப்பும் திரும்பி வந்துட்டு. நாளைக்கே வண்டி கட்டுதேன்," என்றார்.

இந்த முறை முத்தையா தலையை நிமிர்த்தினான். "ஆடி முடியட்டும்னு நீங்கதான சொன்னிய பெரியப்பா. இன்னும் முடியலை." பெரியப்பாவை எதிர்த்துச் சொல்லிவிட்டான். அவன்மேல் இருந்த கோபத்தில் பாதி எனக்கு அன்றைக்குப் போனது.

எச்சில் ஒழுகுவது முதலில் நின்றது. பிறகு கண் ஆளைத் தேட ஆரம்பித்தது. ஒரு நாள் சண்முகத்தாய் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பேச்சியம்மாள் முகத்தைச் சுளித்துக் கிண்ணத்தைத் தள்ளினாள்.

"உப்புக் கரிக்கு அத்தே."

அத்தனை நாளில் அவள் பேசிய முதல் முழுப் பேச்சு. சண்முகத்தாய் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டு அழுதாள். நானும்தான் அழுதேன், எனக்கென்ன வெட்கம்? கொஞ்ச நேரம் கழித்து, "பிள்ளை எங்க?" என்று கேட்டாள் பேச்சியம்மாள். மறுநாள் முத்தையா பிள்ளையைக் கொண்டுவந்து அவள் மடியில் உட்காரவைத்தான். பெரியப்பா அதற்குப் பிறகு ஆவணிப் பேச்சை எடுக்கவில்லை.

4. மாத்திரைக்கு என்ன பத்தியம்?

வீட்டுக்குப் போகிற அன்று சண்முகத்தாய் டாக்டர் முன்னால் வந்து நின்றாள். அவளுக்கு விஷயம் எப்படியோ புரிந்திருந்தது.

"அப்பம் நான் போட்ட பத்தியம்தான் அவளை இப்படி ஆக்கிச்சா?"

டாக்டர் பொய் சொல்லவில்லை. "ஆமாம்மா. ஆனா தப்பு உங்க மேல இல்லை. குறைக்கணும்னு சொன்ன நாங்க, எவ்வளவுன்னு சொல்லலை. ஒரு வருஷமா அவளைப் பார்க்கவும் இல்லை."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "சரி, இந்த மாத்திரைக்கு என்ன பத்தியம்?" என்றாள்.

"ஒண்ணும் இல்லை. எல்லாம் சாப்பிடலாம்."

அவளுக்கு மனசு ஆறவில்லை. பத்தியம் சொல்லாத மருந்து அவளுக்கு மருந்தே இல்லை. இப்படிப் போகிறவர்கள் நாலு மாதம் வலிப்பு வராவிட்டால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு இரட்டிப்பாகத் திரும்பும். நான் குறுக்கே புகுந்தேன். என் வாய் அப்போதும் நீளம்.

"பெரியம்மா, இதுக்கும் பத்தியம் உண்டு. மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது. விரதம், விசேஷம், காய்ச்சல், எதுக்கும் விடக் கூடாது. டாக்டர் சொன்னாத்தான் நிறுத்தணும். மாசத்துக்கு ஒருக்க அவளைக் கூட்டிக்கிட்டு வரணும், பாட்டிலை மட்டும் அனுப்பக் கூடாது. அதான் பத்தியம்."

"அப்படிச் சொல்லு தாயி," என்றாள் சண்முகத்தாய். முகம் தெளிந்துவிட்டது. டாக்டர் சிரித்தார். அன்றிலிருந்து வலிப்புக்காரர் எல்லோருக்கும் அவரும் அந்தப் பத்தியத்தையே சொன்னார்.

உப்பை நிறுத்தியவள் மாத்திரையை விடுவாளா? திருக்கார்த்திகை, பொங்கல், சொந்தத் தம்பி சாவு என்று எது வந்தாலும் மருமகள் மாத்திரை முழுங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் மறு வேலை பார்த்தாள்.

அதற்காக எல்லாம் பூரணமாகிவிடவில்லை. பினோபார்பிடோனில் பேச்சியம்மாளுக்குத் தூக்கம் சொக்கும், வெங்காயம் அரிந்துகொண்டே அப்படியே சாய்ந்துவிடுவாள். அறுபதுகளில் பெனிடாயின் என்ற புது மாத்திரை எங்கள் ஊருக்கு வந்தது. அதை மெதுவாகச் சேர்த்து, இதை மெதுவாகக் குறைத்தோம். சொக்கல் போனது. புது மாத்திரையில் ஈறு தடித்தது, பல்லைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொன்னோம். எப்போதாவது ஒரு வலிப்பு வரத்தான் செய்தது. ஆனால் வீடு, வயல், பிள்ளை எல்லாவற்றையும் அவள்தான் பார்த்தாள்.

5. எவ்வளவு?

அறுபதுகளின் கடைசியில் சண்முகத்தாய்க்கு பி.பி. ஏறிக் கால் வீங்கிவிட்டது. பேச்சியம்மாள்தான் கூட்டிக்கொண்டு வந்தாள். டாக்டர் மாத்திரை எழுதி, உப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார்.

நான் அடுத்த ஆளுக்கு ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தேன். வாசல்வரை போன பேச்சியம்மாள் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"கொறைக்கச் சொன்னா எவ்வளவு நர்ஸம்மா? கையில அளந்து காட்டுங்க."

ஊசியை வைத்துவிட்டு, அடுக்களையிலிருந்து உப்பு எடுத்து வந்து அவள் உள்ளங்கையில் அளந்து வைத்தேன். "அத்தைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான். அடியோட நிறுத்தவும் கூடாது, கேட்டியா?"

அவள் கையை மூடவில்லை.

"எனக்கும் சேத்து அளங்க," என்றாள். "ஒத்தையில தின்னா அவுகளுக்குச் சப்புன்னு இருக்கும்லா."

நர்ஸ் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மருந்து மாறிக்கொண்டே இருக்கும், நான் படித்ததில் பாதி இன்று இல்லை. பாட்டிலைப் பார்க்காமல் ஆளைப் பாருங்கள். என்ன சாப்பிடுகிறாள் என்று கேளுங்கள், சமைத்துப் போடுவது யார் என்றும் கேளுங்கள். குறைக்கச் சொன்னால் எவ்வளவு என்று அளந்து காட்டுங்கள். அன்றைக்கு நான் இரண்டு பேருக்கும் சேர்த்து அளந்துதான் கொடுத்து அனுப்பினேன்.