பொழுதோடு சாப்பிடுகிற தலைவர்

பள்ளிக்கூடப் புத்தகத்தில் எங்களைப் பற்றிக் கடந்த காலத்தில்தான் எழுதுவார்கள். சமணர்கள் இருந்தார்கள், வாழ்ந்தார்கள், பாறையில் படுக்கை வெட்டினார்கள். நானோ பெருநகர் என்கிற ஊருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இன்னமும் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருக்கிறேன். எங்கள் ஊரில் சமணக் குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். மற்றவர்களுக்கு நாங்கள் நைனார் வீடு.

போன உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். மகளிர் குழுவுக்காக நான் பேங்க் மேனேஜரோடு மல்லுக்கட்டியதைப் பார்த்த எங்கள் தெருப் பெண்கள், "நீயே நில்லுக்கா" என்று பிடித்துக்கொண்டார்கள். கூழ், தீமிதி, கிடாவெட்டு என்று இருக்கிற ஊரில் ஒற்றை வீட்டுக்காரி எப்படி ஜெயிப்பது? என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே மனுப் போட்டேன்.

ஓட்டில் பாதி காலனியில் இருந்தது. எனக்கு அங்கே அதிகம் பழக்கமில்லை. வேலைக்குப் போனவர்கள் திரும்புகிற நேரம் பார்த்து, விளக்கு வைத்த பிறகு போனேன். முதல் வீட்டிலேயே ஒரு பெண் டீ கொண்டுவந்தாள். கைகூப்பி வேண்டாம் என்றேன். அடுத்த வீட்டில் கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். அதையும் வேண்டாம் என்றேன். பொழுது சாய்ந்தபின் எங்களுக்குச் சாப்பாடு கிடையாது, பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாது. இருட்டில் தெரியாமல் ஒரு பூச்சி புழு செத்துவிடக் கூடாது என்று வந்த வழக்கம். பிறந்ததிலிருந்து பழகிப்போனதால் அதை இன்னொருவருக்கு விளக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. தெரு முழுக்கக் கும்பிடு போட்டுவிட்டு, நன்றாகப் பேசினோம் என்ற திருப்தியோடு வந்து படுத்தேன்.

விடிந்ததும் பால் வாங்க வந்த பெண் சொன்னாள்: "காலனில ஒரே பேச்சா கீதுக்கா. ஓட்டு மட்டும் வோணும், எங்க கையால தண்ணி வாணாமான்னு கேக்கறாங்கோ."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பல் விளக்கி முடிப்பதற்குள் இறங்கிவிட்டது. அவர்கள் கேட்டதில் என்ன தப்பு? சிரித்துக்கொண்டே தண்ணீரை மறுத்தவர்களை அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறார்கள். தோற்பது கிடக்கட்டும், அந்தக் கும்பலில் நானும் ஒருத்தி என்று பெயர் வாங்கிக்கொண்டு இந்த ஊரில் எப்படி நடமாடுவேன்?

ஆட்டோவில் மைக் கட்டி எங்கள் சமயத்தை விளக்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். "நீங்க பேச ஆரம்பிச்சா இருக்கற ஓட்டும் பூடும்" என்று சொல்லிவிட்டு, உச்சி வெயிலில் தனியாக அந்த டீ கொடுத்தவள் வீட்டுக்கே போனேன்.

"இன்னாம்மா, இந்நேரத்துல?" என்றாள், வாசலை விட்டு நகராமல்.

"பசிக்குது. சோறு கீதா?"

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ராத்திரி டீயே வாணான்னீங்க."

"பொயுது சாஞ்சா நான் யார் வூட்லயும் துன்ன மாட்டேன். என் வூட்லயே துன்ன மாட்டேன். எங்க சாமி வயக்கம் அது."

"தண்ணி கூடவா?"

"தண்ணி கூட."

"அய்யோ, பசியோட எப்டிம்மா தூங்குவீங்க?" என்று வழிவிட்டாள். "கருவாட்டுக் கொயம்புதான் கீது."

"அது மட்டும் வாணாம். மோர் இருந்தா ஊத்து."

மோரும் சோறும் மாங்காய்த் துண்டும் வைத்தாள். கடைசிப் பருக்கை வரை எதிரில் உட்கார்ந்து பார்த்தாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்ததும் வெடுக்கென்று பிடுங்கினாள். "தலைவரு ஆவப்போறவங்க தட்டு கயுவறதா? குடுங்க இப்டி."

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. "அவ வூட்ல மட்டும் துன்னீங்களாமே, எங்க வூடு இன்னா பாவம் பண்ச்சி?" என்று தெருவுக்குத் தெரு மறித்தார்கள். ஒரே மத்தியானத்தில் கூழ், சுண்டல், பாயசம், மறுபடியும் கூழ். தேர்தலுக்கென்று தைத்த ஜாக்கெட்டை இரண்டு தடவை பிரித்துத் தைத்தேன். ஜெயித்தும்விட்டேன். என் வீட்டுக்காரர் இப்போது சிரிப்பதில்லை, தெருவிளக்கு எரியாததற்கு எனக்குப் பதிலாகத் திட்டு வாங்குகிறார்.

போன மாதம் அந்த டீ வீட்டுப் பெண்ணின் மகளுக்கு ரிசப்ஷன். ராத்திரிதான் சாப்பாடு என்பதால், வெளிச்சத்திலேயே போய் மொய் வைத்து, பெண்ணை வாழ்த்திவிட்டுத் திரும்பிவிடலாம் என்று போனேன். போனால், பந்தலில் இலை போட்டுக் காலனியே உட்கார்ந்திருக்கிறது. பிரியாணி அண்டாவுக்குத் தள்ளி, எனக்கென்று தனியாகச் சாம்பார் சாதம்.

"மாப்ள வூட்டுக்காரங்களே இன்னும் பஸ் ஏறல, அதுக்குள்ள பந்தியான்னா எவ கேக்கறா?" என்று சமையல் மாஸ்டர் புலம்பிக்கொண்டிருந்தார்.

"அவுங்க ராத்திரிக்குத் துன்னட்டும்" என்றாள் பெண்ணின் அம்மா. "எங்க தலைவரு பொயுதோட துன்னணும்."

என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, பக்கத்திலேயே தனக்கும் ஒரு இலை போட்டுக்கொண்டாள். ஜெயித்த அன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வரவில்லை. கண் கலங்கியதை மறைக்க வேகவேகமாகப் பிசைந்தேன். அவள் பந்தலுக்கு வெளியே மேற்கே எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் வெளிச்சம் கீது. மெதுவா துன்னுங்க."