சத்தம் எழுதிய மீட்டர்

இந்தப் பங்குனியோடு அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது அண்ணி என்னைப் பார்த்து, "நீதானேம்மா டீச்சர், நீயே எழுது. ஆனா அவங்க படிச்சா ஒத்துக்கற மாதிரி எழுது" என்றார். அண்ணனுக்குப் புகழ்ச்சி பிடிக்காது. யாராவது பாராட்ட ஆரம்பித்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார். ஆகவே கூட்டாமல் குறைக்காமல், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது குத்தாலத்துக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டிய சிறிய ஊரில். அப்பாவுக்கு ஐந்து மா நிலம். அண்ணன் பத்தாம் வகுப்பு முடிக்கும் முன்பே அப்பா காலமானார். எனக்கு அப்போது ஏழு வயது. படிப்பை நிறுத்திவிட்டு, அண்ணன் எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருந்த நெல் அரவை மில்லில் எண்ணெய் விடுகிற ஆளாகச் சேர்ந்தார். பத்து வருடத்தில் அந்த மில்லின் மொத்த இயந்திரத்துக்கும் அவர்தான் பொறுப்பு. விடுமுறை நாட்களில் மதியச் சாப்பாட்டை நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அங்கே யார் பேசினாலும் கேட்காது. ஆனால் அந்த இரைச்சலுக்குள் ஒரு பேரிங் தேய்ந்திருப்பதை அண்ணன் கேட்டுவிடுவார். சாப்பிட்டுக்கொண்டே இருப்பவர் சட்டென்று எழுந்துபோய் ஒரு பெல்ட்டை நிறுத்துவார். திறந்து பார்த்தால் அவர் சொன்ன இடத்தில் கோளாறு இருக்கும்.

என்னை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பியதும், கும்பகோணத்தில் மணம் முடித்துக் கொடுத்ததும் அவர்தான். தனக்கென்று அவர் ஆசைப்பட்டு வாங்கியது ஒன்றே ஒன்று. ஓய்வு பெற்ற ஒரு டாக்டரிடமிருந்து வாங்கிய பழைய அம்பாசடர் கார். அப்போதே அதற்கு இருபது வயது. வெள்ளை நிறம், முன் சீட்டு ஒரே பெஞ்சாக நீண்டிருக்கும். எங்கள் உறவில் பிரசவத்துக்குப் போனவர்களில் பாதிப் பேர் அந்தக் காரில்தான் போனார்கள்.

நாற்பது வருட மில் இரைச்சல் அண்ணனின் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. அறுபத்து மூன்றாவது வயதில் ஒரு கடுமையான காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது மிச்சமிருந்த கேட்கும் சக்தியும் போய்விட்டது. காதுக்கு மெஷின் வைத்துப் பார்த்தார்கள், பயனில்லை. தன் குரலும் தனக்குக் கேட்காததால், ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி பேசுவார். நாங்கள் எழுதிக் காட்டுவோம். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் மெல்ல மெல்லப் பழகினார்.

கார் ஓட்டுவதை மட்டும் விடவில்லை. ஒருநாள் குத்தாலத்திலிருந்து மயிலாடுதுறை வரை இரண்டாம் கியரிலேயே போயிருக்கிறார். என்ஜின் கதறியிருக்கிறது. கடைத்தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். ஏதோ தெரிந்தவர்கள் பார்க்கிறார்கள் என்று நினைத்து இவரும் கையை அசைத்திருக்கிறார். ரேடியேட்டரிலிருந்து ஆவி கிளம்பிய பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது.

சென்னையில் வேலை பார்க்கும் அவர் மகன் சரவணன் அந்த வாரமே வந்தான். அப்பாவிடம் எதுவும் சொல்லாமல் சாவியை எடுத்து அண்ணியிடம் கொடுத்தான். "அம்மா, இனிமே இதை அப்பா கையில கொடுக்காதீங்க. அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா கூடப் பரவாயில்ல, ரோட்ல போற பிள்ளைகளுக்கு ஆச்சுன்னா?" என்றான். அவன் சொன்னதில் தவறில்லை. அண்ணி சாவியை அரிசி டிரம்முக்குள் போட்டு வைத்தார்.

அண்ணன் சண்டை போடவில்லை. கொட்டகையில் நின்ற காரை மட்டும் தினமும் துடைப்பார். மற்றபடி வெளியே வருவதை நிறுத்திக்கொண்டார். ஏறக்குறைய ஒன்றரை வருடம் அப்படிப் போனது. குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்த சமயம், கும்பகோணத்துக்கு நெல் ஏற்றிவந்த ஒருவரிடம் சொல்லியனுப்பியிருந்தார்: "ஞாயித்துக்கிழமை பாப்பாவை வரச்சொல்லு. சிலேட்டு ஒண்ணு எடுத்துக்கிட்டு வரச்சொல்லு." அப்போது எனக்கு ஐம்பத்தாறு வயது. அவருக்கு நான் எப்போதும் பாப்பாதான்.

போனேன். கூடத்துச் சாப்பாட்டு மேசை மேல் காரின் மீட்டர்கள் எல்லாம் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. வேகம் காட்டுவது, பெட்ரோல் காட்டுவது, இவற்றோடு வேறு மூன்று மீட்டர்களும் இருந்தன. திருச்சியில் பழைய சாமான் கடையில் தேடி வாங்கியதாம். ஒன்று என்ஜினின் சூடு காட்டும். ஒன்று ஆயில் பிரஷர் காட்டும். மூன்றாவது, என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். மீட்டர். அந்தக் கால அம்பாசடரில் அது கிடையாது.

"நான் இத்தனை வருஷமா காதாலதான் ஓட்டியிருக்கேன் பாப்பா" என்றார். "என்ஜின் சத்தம் ஏறினா கியர் மாத்துவேன். இறங்கினா மாத்துவேன். அது போயிடுச்சு. இனிமே கண்ணாலதான் கேக்கணும். முள்ளு நம்பர் காட்டும். ஆனா எந்த நம்பருக்கு எந்தச் சத்தம்னு எனக்குத் தெரியாது. நீதான் கேட்டுச் சொல்லணும்."

அண்ணியிடம் சாவி கேட்டோம். கார் வாசல் கேட்டைத் தாண்டக்கூடாது என்ற நிபந்தனையோடு, அரிசிக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்தார்.

மெக்கானிக் சேகர் வந்து ஆர்.பி.எம். மீட்டருக்கு வயர் இழுத்துக் கொடுத்தார். அண்ணன் காருக்குள் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை ஒவ்வொரு நிலையிலும் பிடித்துக்கொள்ள, நான் பானெட் பக்கத்தில் நின்று கேட்டு, சிலேட்டில் எழுதிக் காட்டினேன். முதலில் 'வண்டு முரல்வது போல்' என்று எழுதினேன். முப்பது வருடம் தமிழ் நடத்திய கை, வேறு எப்படி எழுதும். அண்ணன் அதைப் படித்துவிட்டு என்னையே பார்த்தார்.

"வண்டு என்னத்துக்கு முரலுது? இது கார். நீ மில்லுக்குச் சோறு கொண்டு வருவியே, அங்க கேட்டிருக்கியே. வெறுமன ஓடுற மாதிரி இருக்கா, ரோலர்ல நெல் விழுந்த மாதிரி இருக்கா? அதைச் சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஏழெட்டு வயதில் சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்று கேட்டதெல்லாம் காதில் அப்படியே இருந்தது. எண்ணூறு சுற்றில் 'வெறும் ஓட்டம்' என்று எழுதினேன். ஆயிரத்து ஐந்நூறில் 'நெல் விழுது'. இரண்டாயிரத்தைத் தாண்டியதும் 'முழு அரவை'. மூவாயிரத்துக்கு மேல் போனபோது சிலேட்டைத் தூக்கிப் பிடித்தேன்: 'பெல்ட் கத்துது'.

அண்ணன் காலை எடுத்துவிட்டு, "இப்பத்தான் எனக்குக் கேக்குது" என்றார்.

அன்றிலிருந்து பொங்கல் வரை, ஞாயிற்றுக்கிழமைகளில் குத்தாலம் பஸ் ஏறினேன். டயலை மாற்ற, மீட்டரின் முள்ளைக் கழற்றுவது பெரிய வேலை. இரண்டு தேக்கரண்டிகளை அடியில் கொடுத்து, இரு பக்கமும் சமமாக நெம்ப வேண்டும். ஒரு முள் ஒடிந்தேபோனது. அதற்காக மறுபடியும் திருச்சி போய்வந்தார். பழைய டயலின் அளவுக்குப் புதிய டயலைப் பெரிய தாளில் வரைந்தோம். கோடுகள் அண்ணன் போட்டது. அவர் கையெழுத்து அவருக்கே புரியாது என்பதால் எழுத்துகளை என்னை எழுதச் சொன்னார். கும்பகோணத்தில் ஸ்டிக்கர் கடைக்காரர் ஒருவர் அதைச் சிறிதாக்கிக் கறுப்புப் பின்னணியில் வெண்மஞ்சள் எழுத்தாக அச்சடித்துக் கொடுத்தார். எண்களுக்குப் பக்கத்தில் 'வெறும் ஓட்டம்', 'நெல் விழுது', 'முழு அரவை' என்று என் கையெழுத்து. 'பெல்ட் கத்துது' மட்டும் சிவப்பு.

சூடு காட்டும் மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, அதன் முனையைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுத் தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டார். அதற்கு அவர் எடுத்தது அண்ணி பால் காய்ச்சும் பாத்திரம். "இனிமே அதுல நான் பால் காய்ச்ச மாட்டேன். புதுசு வாங்கிக் கொடுங்க" என்று அண்ணி அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். அண்ணன் புரியாதவர் போலத் தலையாட்டினார். தனக்கு வேண்டாத வாக்கியங்கள் மட்டும் அவருக்கு உதட்டில் தெரிவதில்லை.

ஹாரன் அடித்தால் எரிய ஒரு நீல விளக்கும், இண்டிகேட்டர் போட்டால் கண்ணில் படும்படி பெரிய பச்சை விளக்கும் டேஷ்போர்டில் வைத்தார். உள்ளே அகலமான கண்ணாடி மாட்டினார். டாக்டரிடம் சான்று வாங்கி, உரிமத்தை முறைப்படி புதுப்பித்து, காது கேளாதவர் ஓட்டும் வண்டி என்ற அடையாளத்தைப் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார். அதை ஒட்டியபோது கொஞ்சநேரம் அங்கேயே நின்றிருந்தார்.

பொங்கலுக்கு வந்த சரவணன் எல்லாவற்றையும் பார்த்தான். வாய்க்கால் கரை ரோட்டில் அப்பாவை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். கியர் ஒரு இடத்திலும் தப்பவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "இன்னும் நாலு தடவ பாக்கறேன் அத்தை" என்றான்.

தை மாதம் பட்டுக்கோட்டையில் ஒரு உறவினர் கல்யாணம். அண்ணன் ஓட்ட, சரவணன் பக்கத்தில், நானும் அண்ணியும் பின்னால். போகும்போது ஒரு குறையுமில்லை. திரும்பும்போது மதுக்கூர் தாண்டித் தென்னந்தோப்புகளுக்கு நடுவே அண்ணன் திடீரென்று வண்டியை ஓரம் கட்டி என்ஜினை நிறுத்தினார்.

"ஏன்பா நிறுத்துனீங்க? வண்டி நல்லாத்தானே ஓடுது" என்றான் சரவணன், முகத்தைத் திருப்பி நிதானமாக. எங்களுக்கும் எந்த வித்தியாசமும் கேட்கவில்லை.

அண்ணன் ஆயில் மீட்டரைக் காட்டினார். "இந்த முள்ளு உக்காந்துருச்சு."

பானெட்டைத் திறந்தால் என்ஜினின் ஒரு பக்கம் முழுக்க எண்ணெய். இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் என்ஜின் இறுகிப்போயிருக்கும். சரவணன் அப்பாவைப் பார்த்த பார்வையில் மரியாதை தெரிந்தது. அண்ணன் அதைக் கவனிக்கவில்லை. குனிந்து, விரலால் தடவித் தேடி, ஒரு மெல்லிய செப்புக் குழாயின் நட்டைத் தொட்டுக் காட்டினார்.

"இங்கதான் ஒழுகியிருக்கு. இது மீட்டருக்காக நான் போட்ட குழாய். நான்தான் சரியா முடுக்கல."

அதை அவர் சொல்லியிருக்க வேண்டியதில்லை. எங்களில் யாருக்கும் எந்தக் குழாய் எது என்று தெரியாது. சரவணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப, மீட்டரே வைக்கலன்னா ஒழுகியிருக்காது, இல்லப்பா?" என்று கேட்டான்.

அண்ணன் அவன் உதட்டையே பார்த்தார். புரிந்தது. "ஆமாம்டா" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். தன் சிரிப்பு எவ்வளவு சத்தம் என்று அவருக்குத் தெரியாது. தூரத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சரவணனும் சிரித்தான். அப்பாவும் மகனும் சேர்ந்து சிரித்து இரண்டு வருடமாகியிருந்தது. யாரோ ஒருவர் பைக்கில் சரவணனை மதுக்கூருக்கு ஏற்றிப்போக, அவன் எண்ணெய் வாங்கிவந்தான். அண்ணன் நட்டை இறுக்கி, எண்ணெய் ஊற்றிக் கையைத் துடைத்துக்கொண்டு, டிரைவர் சீட்டை மகனுக்கு விட்டு, இடதுபக்கக் கதவைத் திறக்கப் போனார். அதற்குள் சரவணன் அங்கே ஏறி உட்கார்ந்துவிட்டான். வண்டியிலிருந்த சாவியை எடுத்து நீட்டி, "நீங்களே ஓட்டுங்க" என்றான். அதற்குப் பிறகு அந்தச் சாவி அண்ணனிடமே இருந்தது.

அடுத்த ஆறு வருடங்கள் அவர் ஓட்டினார். வெயில் நேரத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர்களை ஏற்றிக்கொள்வார். அவர்கள் பேச்சுக் கொடுத்தால் காதைக் காட்டிச் சிரிப்பார். எங்கும் மோதவில்லை, யாரையும் உரசவில்லை.

அவருக்குக் கேட்காமல் போன பிறகு பிறந்தவள் பேத்தி, சரவணனின் மகள். நாலு வயதில் பின் சீட்டில் நின்றுகொண்டு ஓயாமல் பேசிக்கொண்டு வருவாள். ஒருமுறை தாராசுரம் கோயிலுக்குப் போயிருந்தோம். எல்லோரும் உள்ளே போய்விட, கால் வலிக்கிறது என்று நான் அண்ணனோடு காரிலேயே இருந்தேன். புல்தரையில் குழந்தை ஓடுவது தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவர், தன் கணக்கில் மெதுவாகக் கேட்டார்.

"பாப்பா, பேத்தி குரல் எப்படி இருக்கும்?"

சிலேட்டு என் மடியில்தான் இருந்தது. என்னென்னவோ எழுதத் தோன்றியது, எதுவும் சரியாக வரவில்லை. கடைசியில், 'அண்ணி குரல்தான். கோபத்தில்கூட அதே மாதிரி' என்று எழுதினேன்.

அண்ணன் அதை வாங்கிப் படித்தார். அழிக்காமல் தன் மடியில் வைத்துக்கொண்டார். "அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார்.

சென்ற ஆண்டு தை மாதம் சிறுநீரகக் கோளாறு என்றார்கள். தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் ஏழு வாரம் இருந்தார். கடைசி வாரம் வீட்டுக்குப் போகவேண்டும் என்றார், கூட்டிவந்தோம். கூடத்தில் கட்டில் போட்டிருந்தது. அண்ணி ஒரு பக்கமும் சரவணன் ஒரு பக்கமும் கையைப் பிடித்திருக்க, ஒரு காலை நேரத்தில் மூச்சு நின்றது. அவருக்கு வயது எழுபத்தொன்று.

நன்றி சொல்லவேண்டியவர்கள் பலர். தஞ்சாவூரில், சத்தம் போட்டுப் பேசிப் பயனில்லை என்று புரிந்துகொண்டு, ஒவ்வொரு ஊசிக்கும் முன் தாளில் எழுதிக் காட்டிய நர்ஸ் பெண்களுக்கு. கூப்பிட்டபோதெல்லாம் வந்த மெக்கானிக் சேகருக்கு. பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்ட தெருக்காரர்களுக்கு. காரியங்களுக்கு வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கும், வரமுடியாமல் விசாரித்தவர்களுக்கும்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அண்ணனுக்குக் காது போன பிறகு, முதல் ஒன்றரை வருடம் நான் அவர் வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட வேலை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், என்னை வளர்த்தவர் எதிரே உட்கார்ந்து, பேசமுடியாமல் விழிப்பதை என்னால் தாங்கமுடியவில்லை. இது அண்ணிக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீட்டர் வேலை இருக்கிறது என்று ஆள் அனுப்பினார். அந்த வேலைக்குச் சேகரோ வேறு யாரோ காது கொடுத்திருக்கலாம். என்னை வரச்சொன்ன அண்ணனுக்கு என் நன்றி.