கண்ணாடி பாக்கெட்டில்தான் இருந்தது

போன ஆடி மாதம், கல்வராயன் மலைமேல் இருக்கிற ஒரு சின்ன அரசுப் பள்ளியில் நடந்தது இது. எனக்குச் சின்னசேலம் பக்கம். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். மலையில் விளையும் மரவள்ளிக்கிழங்கை வாங்கி ஜவ்வரிசி ஆலைகளுக்கு ஏற்றி அனுப்பியே மூன்று லாரி, மாடி வீடு என்று வந்துவிட்டேன். யார் தயவும் கிடையாது. கிழங்கை ஒடித்துப் பார்த்தாலே எவ்வளவு மாவு தேறும் என்று சொல்லிவிடுவேன். அதில் என்னை அடித்துக்கொள்ள இந்தத் தாலுகாவில் ஆள் இல்லை. எனக்குப் படிக்கத் தெரியாது என்பது மட்டும் என் மனைவியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. கையெழுத்தை அப்படி முறுக்கிப் போடுவேன். கௌரவத்துக்குச் சட்டைப் பையில் ஒரு கண்ணாடி வேறு.

அந்தப் பள்ளிக்குப் பெரிய டிவி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மரியாதை செய்து வகுப்பில் உட்கார வைத்தார்கள். டீச்சருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். செல்போனில் இருக்கிற செயற்கை நுண்ணறிவிடம் பாடம் எழுதி வாங்கி, அதைப் படித்துக்காட்டி, பிள்ளைகளை விட்டுத் தப்பு கண்டுபிடிக்கச் சொல்வது அவர் வழக்கமாம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"போனே பாடம் எழுதுதுன்னா நீ இன்னாத்துக்கும்மா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "இன்னிக்கு உங்க கெழங்குப் பாடந்தாங்க ஐயா. நீங்களே படிச்சி, சரியான்னு சொல்லுங்க" என்று தாளை நீட்டினார்.

வகுப்பு நிறையப் பிள்ளைகள். வாசலில் அவர்களைப் பெற்றவர்கள், எல்லாரும் எனக்குக் கிழங்கு போடுகிறவர்கள். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன் என்றேன்.

முன்வரிசைப் பெண் விடவில்லை. "தாத்தா, பாக்கெட்லயே கீதே!"

வகுப்பே சிரித்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். டீச்சர் என் முகத்தை ஒரு நொடி பார்த்தார்.

"ஐயய்ய, பிரிண்டு மங்கலா வுழுந்திருக்குதுங்க. எனக்கே தெரியல. போனையே படிக்கச் சொல்லலாம்" என்று தாளை வாங்கிக்கொண்டார். அச்சு பளிச்சென்றுதான் இருந்தது.

போன் படித்தது. மரவள்ளி விதையைத் தூவ வேண்டுமாம், மூன்றே மாதத்தில் அறுவடையாம்.

"இன்னாது, விதையா? குச்சிய வெட்டி நடணும்யா! பத்து மாசம் ஆவும்!" என்று போனைப் பார்த்துக் கத்தினேன். பிள்ளைகளும் கூடவே கத்தினார்கள். நான் சொன்னதை டீச்சர் கரும்பலகையில் எழுதி, எல்லாரையும் கைதட்டச் சொன்னார்.

இப்போதும் மலையைப் பற்றி எந்தப் பாடம் தயாரித்தாலும் சரிபார்க்க எனக்கு அனுப்புகிறார். ஒரு முறைகூட எழுத்தாக அனுப்பியதில்லை, குரல் பதிவுதான். ஏன் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இதைக்கூட நான் சொல்லச் சொல்லப் போன்தான் எழுதியது. திரும்பப் படிக்க வைத்துக் கேட்டு மூன்று இடத்தில் திருத்தினேன். இனி என் ரகசியம் ஊருக்கே தெரியும், தெரியட்டும். பளிச்சென்று இருந்த எழுத்தை மங்கல் என்று அந்த டீச்சர் சொன்ன பொய்யை நினைக்கும்போதெல்லாம், மூன்று லாரி சம்பாதித்த என் கெட்டிக்காரத்தனம் எனக்கே கொஞ்சம் சின்னதாகத்தான் தெரிகிறது.