சேலம் – தூத்துக்குடி, 340 கிலோமீட்டர்

இது சூசைமாணிக்கம் கண்ட கனவு இல்லை. அவர் குடிக்கிற ஆளும் இல்லை. போன தை மாதம், ஒரு வியாழக்கிழமை, நன்றாக விடிந்த பிறகு நடந்தது.

திண்டுக்கல்லுக்குக் கிழக்கே அவருக்கு ஒன்றரை ஏக்கர் சம்பங்கித் தோட்டம். ஒரே மகள் இளவேனில், இருபது வயது. சேலத்தில் விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தூத்துக்குடி வரை தனியாக ஓட்டிப் போக வேண்டும். முந்தின நாள் போனில் கணக்கை ஒப்பித்தாள்.

"நேர்கோட்டுல முந்நூத்தி நாப்பது கிலோமீட்டர்ப்பா. ஒரு மணி அம்பது நிமிசம். அம்பத்தொண்ணாவது நிமிசம் நம்ம தோட்டத்துக்கு மேல வாரேன். வெளிய வந்து நில்லுங்க."

"பயமா இல்லையா ஆத்தா?"

"நீங்கதான் கீழ நிப்பீங்கல்ல... அப்பறம் என்ன பயம்?"

அம்மா ஆனந்திக்கு அது போதவில்லை. மகள் இறங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று முதல் நாளே பஸ் ஏறினாள். காலையில் தூத்துக்குடி விமான நிலைய வேலிக்கு வெளியே, இடியாப்பத் தூக்கோடு நின்றாள்.

சேலத்திலிருந்து, கூடப் படிக்கும் கௌசல்யா போன் செய்தாள். "பனி, அங்கிள். ஏழு ஆறுக்குத்தான் கிளம்பினா."

சூசைமாணிக்கம் விரல்விட்டு எண்ணினார். அப்படியென்றால் 7:57. வரப்பில் போய் நின்றுகொண்டார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

7:57.

சத்தம் கேட்டது. தூரத்திலிருந்து நெருங்கி வரவில்லை. எடுத்த எடுப்பிலேயே தலைக்கு மேல்... ட்ர்ர்ர்ர்ர்...

வெள்ளையாக ஒரு சின்ன விமானம். தென்னை உயரத்துக்குச் சற்று மேலே. இவ்வளவு தாழவா வரும்?

"ஆத்தா! அப்பா இந்தா நிக்கிறேன்!"

பாத்தியில் மேய்ந்த மைனாக்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

விமானத்தின் மூக்கில் இருந்த காற்றாடி... சுற்றவில்லை.

சத்தம் மட்டும் தெற்கே போனது.

8:56. ஆனந்தி அழைத்தாள். சிரிப்பும் அழுகையுமாக இருந்தாள்.

"ஏங்க, எறங்கிட்டா! கண்ணால பாத்தேன்!"

"அழுவாதடி," என்று சொல்லிவிட்டு அவரும் அழுதார்.

9:10. மறுபடி கௌசல்யா.

"அங்கிள்... செத்த உக்காருங்க."

இளவேனிலின் விமானம் 7:28க்கே, நாமக்கல் தாண்டி ஒரு சோளக்காட்டில் விழுந்திருந்தது. ஏன் விழுந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. தூத்துக்குடியில் அன்று காலை எந்தச் சின்ன விமானமும் இறங்கவில்லை. ஆனந்தி நம்பவில்லை. "எம் மக உள்ளதான் இருக்கா, கூப்புடுங்க" என்று மதியம் வரை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடக்கம் முடிந்து பதினாறு நாள் கழித்து, நாமக்கல் எஸ்.ஐ. வேலுசாமி இருவரையும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். இளவேனிலின் தொடையில் மாட்டியிருந்த பயணத் தாளை எடுத்து வைத்தார். எந்த இடத்தை எத்தனை மணிக்குக் கடந்தாள் என்று அவளே பேனாவால் எழுதும் தாள்.

"விழுந்த அன்னிக்கு, காலையில எட்டேகாலுக்கு, அந்தக் காட்டுலயே நானே பையில போட்டு சீல் வச்சேன். அதுக்கப்பறம் யாரும் தொடலைங்க."

சேலம் 7:06.

தோட்டம் 7:57.

தூத்துக்குடி... 8:56.

மூன்றும் இளவேனிலின் கையெழுத்து.

ஆனந்தி தாளைப் புரட்டினாள். பின்பக்கம், திரும்பி வரும் பயணத்துக்கான கட்டங்கள்.

எல்லாம் காலியாக இருந்தன.