டூப்பக்காவின் முகம்

எந்த வீட்டுக்குப் போனாலும் டூப்பக்கா முதலில் நலம் விசாரிப்பது மாடிப்படியைத்தான். கைப்பிடியை ஆட்டிப் பார்ப்பார். ஒரு படியில் உள்ளங்கையை வைத்து அழுத்துவார். "மரப்படி நல்லது, உருண்டா தாங்கும். இந்த ஓரம் மட்டும் இடுப்பைப் பதம் பாத்துடும்" என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் வீட்டுக்காரர்களைப் பார்த்துச் சிரிப்பார். என் வீட்டுக்கு வந்த அன்றும் அப்படித்தான். நான் தேநீர் போட்டு எடுத்து வருவதற்குள் சோபாவையும் ஒரு குத்துக் குத்திப் பார்த்து, "இதுல மட்டும் விழுந்துடாதீங்க, உள்ள கட்டை இருக்கு" என்று என் மனைவியை எச்சரித்திருந்தார். அதில் விழும் உத்தேசம் என் மனைவிக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

சினிமாவில் கதாநாயகி மாடியிலிருந்து குதிக்கும்போதும், கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாயும்போதும், ஒரு கும்பலையே ஒற்றை ஆளாகத் துவைத்தெடுக்கும்போதும் நாம் பார்ப்பது பெரும்பாலும் டூப்பக்காவைத்தான். படப்பிடிப்பில் எல்லோருக்கும் அவர் டூப்பக்காதான். வயதில் மூத்த கேமராமேன்கூட அக்கா என்றே கூப்பிடுகிறார். "ஹீரோயினுங்க மாறிக்கிட்டே இருக்காங்க. நான்தான் மாறாம விழுந்துக்கிட்டே இருக்கேன்" என்பார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். பக்கத்து அறையில் தூங்குகிறவர் எழுந்து உட்கார்ந்துவிடும்படியான சிரிப்பு.

கணவர் சினிமாத் தையற்காரர். கதாநாயகிக்கு ஒரு உடை தைத்தால், அதேபோல் டூப்புக்கும் ஒன்று தைக்க வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். டூப்பக்காவுடையதில் மட்டும் முழங்கையிலும் இடுப்பிலும் பஞ்சுத் திண்டு ஒளிந்திருக்கும். மனிதர் அதிகம் பேசமாட்டார். வாயில் எப்போதும் குண்டூசி வைத்திருப்பதால்தான் என்று நினைத்தேன். "ஊசி இல்லன்னாலும் இப்படித்தான்" என்றார் டூப்பக்கா. "அளவெடுக்க வந்தவரு, என் முதுகைப் பாத்தே மயங்கிட்டாரு."

"முகத்தைக் காட்டினாத்தானே" என்றது ஊசிகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல்.

அது வெறும் கேலியில்லை. டூப்பாக வருகிறவர்கள் விழக் கற்றுக்கொள்வதற்கு முன்பே முகத்தை மறைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். முகம் தெரிந்துவிட்டால் பாய்ந்ததும் உருண்டதும் வீண். மறுபடி பாய வேண்டும். அதனால் கேமரா எந்த மூலையில் இருந்தாலும் டூப்பக்காவின் கழுத்துக்குத் தெரிந்துவிடும், தானாக எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கோபம் என்று அர்த்தம். இவர் திருப்பிக்கொண்டால் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். பாவம், அந்தக் கழுத்துக்கு எது படப்பிடிப்பு, எது வீடு என்று தெரியாது. கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை சிரிக்கிறார். பக்கத்தில் ஒரு கொண்டை நிற்கிறது. மகளின் பிறந்தநாள் படத்தில் மகள், கேக், மெழுகுவர்த்தி, அப்புறம் யாருடையதோ ஒரு காது. அடையாள அட்டைக்குப் படமெடுத்த கடைக்காரர், "எம்மேல என்னம்மா கோவம்?" என்று கேட்டே விட்டாராம்.

இதையெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொன்னவர், ஒரு விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். புதிதாக வந்த ஒரு சண்டைப் படத்தைப் பற்றி வகுப்பில் பேச்சு வந்திருக்கிறது. "பாலத்துல இருந்து குதிச்சது எங்கம்மா" என்றிருக்கிறாள் இவள். "டூப் விடாதடி!" என்று தோழிகள் சிரித்திருக்கிறார்கள். "டூப் விடலடி, டூப்புதான்டி எங்கம்மா!" என்று இவள் கத்த, சிரிப்பு இரண்டு மடங்காகிவிட்டது. வீட்டுக்கு வந்தவள் தோளிலிருந்து பையைக்கூட இறக்காமல் கேட்டாளாம்: "ஒரே ஒரு தடவ திரும்பிப் பாரேம்மா."

அவள் கேட்ட வேளை நல்ல வேளை. புதுப் படம் ஒன்றில் வில்லனுக்கு மெய்க்காவலாக ஒரு பெண் தேவைப்பட்டாள். கதாநாயகியோடு மோத வேண்டும், மோதுவதற்கு முன் கேமராவை நேருக்கு நேர் பார்த்து ஒரு முறை முறைக்க வேண்டும். ஃபைட் மாஸ்டர் டூப்பக்காவைக் கைகாட்டிவிட்டார். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். பழைய கிடங்கு ஒன்றில் படப்பிடிப்பு. தையற்காரர் அந்த முறை ஒரே ஒரு கறுப்புச் சட்டைதான் தைத்திருந்தார். "ஜோடி இல்லாத சட்டை. எனக்கே எனக்குன்னு தெச்சது" என்று டூப்பக்கா எல்லோரிடமும் கையை நீட்டி நீட்டிக் காட்டினார்.

சண்டை பிசிறில்லாமல் முடிந்தது. முறைப்பை மட்டும் கடைசியில் எடுத்தார்கள். "ஆக்‌ஷன்" என்றதும் டூப்பக்கா பயங்கரமாக முறைத்தார், பக்கத்துச் சுவரை. அடுத்த முறை தரையை. அதற்கடுத்த முறை, ஏணியில் நின்றிருந்த லைட்பாயை. அவர் மிரண்டு போய் ஒரு படி மேலே ஏறிவிட்டார்.

"அக்கா, இங்க! கேமராவுல!"

"பாக்கணும்னுதான் நெனைக்கிறேன் மாஸ்டர். கழுத்து பேச்சைக் கேக்க மாட்டேங்குது!"

எல்லோரும் சிரித்தார்கள், டூப்பக்காவும்தான். ஆனால் விரல்கள் புதுச் சட்டையின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தன. டைரக்டர் தன்மையானவர், பக்கத்தில் வந்து மெதுவாகவே சொன்னார்: "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இன்னொரு தடவ பாப்போம். சரியா வரலன்னா, இந்த ஒரு ஷாட்டுக்கு மட்டும் வேற பொண்ணை வச்சு எடுத்துக்கலாம்."

"டூப்புக்கே டூப்பா!" என்றார் டூப்பக்கா. இந்தமுறை அவர் சிரிக்கவில்லை.

விழுவதற்காகப் போட்டிருந்த மெத்தையில் போய் உட்கார்ந்தார். தையற்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். பாதித் தண்ணீரிலேயே டூப்பக்கா எழுந்துவிட்டார்.

"மாஸ்டர், ஓடாத கேமரா ஒண்ணு கெடைக்குமா?"

"எதுக்குக்கா?"

"எனக்குப் பின்னாடி வைங்க. செவப்பு லைட்டு எரியட்டும். ஒருத்தர் அதுல கண்ணை வச்சுக்கிட்டு நிக்கணும். உங்க கேமராமேல கறுப்புத் துணியைப் போட்டு மூடிடுங்க, லென்ஸ் மட்டும் தெரிஞ்சா போதும். இத்தன வருஷமா நான் சனங்களை ஏமாத்தினேன். இப்ப என் கழுத்தை ஏமாத்தணும்."

பழுதான கேமரா ஒன்று வந்தது. ஏணியிலிருந்த அதே லைட்பாய் இறங்கி வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதில் கண்ணை வைத்தார். "ஆக்‌ஷன்!" டூப்பக்காவின் தோள் அசைந்தது. பின்னாலிருந்த கேமராவுக்கு முகத்தைக் கொடுக்கக் கூடாதென்று அந்தக் கழுத்து விறுக்கென்று நேராக எங்கள் பக்கம் திரும்பியது. புருவத்துக்கு மேலே ஒரு பழைய தழும்பு, பெரிய கண்கள், அவற்றில் அப்படியொரு முறைப்பு. நான் தயாரிப்பாளராக இருந்திருந்தால் வில்லனையே மாற்றியிருப்பேன். "கட்" என்ற சத்தம் கைதட்டலில் அமுங்கிப் போனது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முன்பின் தெரியாத யாரையோ கட்டிக்கொண்டேன்.

படம் வெளியானதும் மகள் தன் தோழிகளையெல்லாம் தியேட்டருக்கு இழுத்துப் போனாள். அம்மாவின் முகம் திரையை அடைத்துக்கொண்டு வந்தபோது, "ஏய், உங்கம்மாடி!" என்று வரிசையே எழுந்து நின்றதாம். இவள் மட்டும் எழவில்லை. காலை ஆட்டியபடி, "டூப் விடுறேன்னு சொன்னீங்கல்ல?" என்று மட்டும் கேட்டாளாம்.

இந்தக் கட்டுரைக்கு ஒரு படம் வேண்டுமே என்று அவர்கள் வீட்டில் கைபேசியைத் தூக்கினேன். கொண்டைதான் கிடைத்தது. மறுபடி எடுத்தேன், காது. "நான் என்னங்க பண்ணட்டும்?" என்று டூப்பக்கா சுவரைப் பார்த்துக்கொண்டே வருத்தப்பட்டார். தையல் மிஷின் நின்றது. தையற்காரர் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார். மனைவிக்குப் பின்னால் போய் நின்றார். கத்தரிக்கோலின் வளையத்தை ஒரு கண்ணில் வைத்துக்கொண்டு, மறு கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஆக்‌ஷன்!" என்றார்.

டூப்பக்கா முகம் முழுக்கச் சிரிப்போடு என் பக்கம் திரும்பினார்.