இரண்டு நாளும் ஓர் ஆண்டு

எங்கள் மாணவர் விடுதியில் அவளை எல்லோரும் ஃபார்ம் அக்கா என்போம். முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். மார்ச் பிறந்துவிட்டால், வெளிநாட்டிலிருந்து வந்து படிக்கும் நாங்கள் வரிப் படிவத்தோடு அவள் மேசைமுன் நிற்போம். "கையெழுத்தாவது நீயே போடுவியா, அதுக்கும் நான்தான் வேணுமா?" என்று கிண்டல் செய்துகொண்டே முடித்துக் கொடுப்பாள்.

என் வீட்டில் இதுவரை யாரும் வரிப் படிவத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அந்தப் பயத்தில் வழிகாட்டிக் குறிப்பை ஓர் எழுத்து விடாமல் படித்தேன். வெளிநாட்டு மாணவர் முதல் ஐந்து ஆண்டுகள் வரிக்கணக்கில் வெளியாள். ஆறாவது ஆண்டிலிருந்து, வருடம் முழுக்க இங்கேயே இருப்பவர் உள்ளாள்; அவருக்குப் படிவமும் வரியும் வேறு. ஆண்டு என்பது ஜனவரி முதல் டிசம்பர் வரை. அதில் ஒரே ஒரு நாள் இங்கே இருந்தாலும் அது ஓர் ஆண்டு.

"நீங்க எப்பக்கா வந்தீங்க?" என்று சும்மாதான் கேட்டேன்.

விசா தாமதமாகி டிசம்பர் முப்பதாம் தேதி வந்து இறங்கினாளாம். அந்த இரண்டு நாளை அவள் கணக்கில் சேர்க்கவே இல்லை. நாங்கள் எல்லோரும் ஆகஸ்டில் வந்தவர்கள். எங்களுக்குக் கணக்குப் பார்த்தபோது இந்தச் சிக்கல் வந்ததே இல்லை. குறிப்பிலிருந்த அந்த ஒரு நாள் விதியைக் காட்டினேன். விரல்விட்டு எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். போன வருடம் வெளியாள் என்று கையெழுத்திட்டுக் கொடுத்த படிவம், அவளுடைய ஆறாவது ஆண்டுக்கானது.

அவள் இரண்டு மாதத்தில் வேலை விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அரசுக்குத் தவறான தகவல் கொடுத்ததுண்டா என்று அதில் ஒரு கேள்வி இருக்கிறது.

"யாருக்குத் தெரியப்போகுது, விட்டுடுங்கக்கா" என்றேன். அதைச் சொன்னது நானா, அரசாங்கக் கடிதம் என்றாலே வெலவெலத்துப்போகும் என் அப்பாவா என்று இன்னும் புரியவில்லை.

"அவங்களா கண்டுபிடிச்சா அது பொய். நானே போய்ச் சொன்னா அது தப்பு" என்றாள். பிறகு, "தப்புன்னா விட்டுடுவாங்கல்ல?" என்று என்னிடமே கேட்டாள்.

மறுநாள் வரி அலுவலகத்துக்குக் கூடவே போனேன். திருத்திய படிவத்தை நீட்டினாள். குமாஸ்தா முத்திரை குத்தினார். இதனால் விசாவுக்குப் பாதகம் வருமா என்று கேட்டாள். அது வேறு துறை, தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். பதில் வர நான்கு மாதம் ஆகுமாம்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"விசா படிவத்துல அந்தக் கேள்விக்கு ஆமான்னுதான் போடணும்" என்றாள்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.